சுயவிபரக்கோவையில் இல்லாத வருடங்கள்

நாங்கள் வேலை செய்யும் ரெஸ்ரோரன்ற் இரவு பதினொன்றரைக்குத்தான் மூடும். கடைசி மேசைக்காரர் எழும்பிப் போன பிறகு குசினியைக் கழுவித் துடைத்து, குப்பையை வெளியே வைத்து, நாங்கள் சாப்பிட உட்காரும்போது நடுச்சாமமாகிவிடும். கடைசி மெற்றோவைப் பிடிக்க ஓட முன்னர் ஓர் அரைமணி நேரம் மிஞ்சும். சென்ற மாரிகாலத்தில் அந்த அரைமணி நேரங்களில், ஐந்தாறு இரவுகளாக, நாங்கள் மூன்றுபேர் சேர்ந்து ஒரேயொரு பக்கத்தை எழுதினோம். எங்களோடு கோப்பை கழுவும் ஓர் அண்ணையின் சுயவிபரக்கோவை அது. வேலை தேடுவதற்கான சுயவிபரக்கோவை அல்ல. ஓவியர் என்ற வகையில் அவருடைய சுயவிபரக்கோவை.

அவர் படம் கீறுபவர் என்பதே எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. மரக்கறி வரும் மட்டைப்பெட்டிகளைக் கிழித்து எறியாமல் மடித்து எடுத்துப் போவார். அறைக்குக் குளிருக்கு அடைக்கக் கொண்டுபோகிறார் என்றே நினைத்திருந்தோம். ஒருநாள் அவருடைய பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை அந்த மட்டைகளில் சிலவற்றைப் பார்த்துவிட்டு, புறநகர் ஒன்றின் நகரசபை ஓவியர்களுக்கு ஒரு வருடத்துக்கு வேலைக்கூடம் கொடுக்கிறது, நீங்களும் விண்ணப்பியுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பத்துப் படங்களின் புகைப்படங்கள், ஒரு கடிதம், ஒரு பக்கத்தில் சுயவிபரக்கோவை. இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

ஆசிரியை ஒரு மாதிரியையும் கொடுத்திருந்தார். பெயர், பிறந்த வருடம், ஊர். அதன் கீழே 'வாழ்வதும் பணிபுரிவதும் இன்ன நகரத்தில்' என்றொரு வரி. பிறகு கல்வி. தனிக் காட்சிகள். குழுக் காட்சிகள். தங்கிப் பணிபுரிந்த இடங்கள். பரிசுகள், உதவிப்பணம். படைப்புகள் உள்ள பொதுச் சேகரிப்புகள். தம்மைப் பற்றி வெளிவந்த எழுத்துக்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் அண்மைய வருடம் மேலே, பழையது கீழே. ஒவ்வொரு வரியிலும் வருடம், காட்சியின் தலைப்பு, மண்டபம், நகரம். வேறெதுவும் வேண்டாம், கதை சொல்லவும் வேண்டாம்.

அண்ணை அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதிலை என்னட்டை என்ன கிடக்கு? பேரும் பிறந்த வருசமும்தான் கிடக்கு."

'வாழ்வதும் பணிபுரிவதும் பாரிஸில்' என்ற வரியில் எங்களுக்குச் சிரிப்பும் வந்தது. பணிபுரிவது என்றால் அங்கே படம் கீறுவது என்று அர்த்தமாம். கோப்பை கழுவுவது கணக்கில் இல்லை.

இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது அந்த இரவுதான். நாம் ஊரில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போய், இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவர்கள். பட்டம் இல்லை என்றாலும், எந்தக் காகிதத்தைக் கண்டாலும் இது எப்போது, யாரால், எதற்காக உண்டாக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் போகவில்லை. ஓய்வுநாட்களில் நகரசபை நூலகத்தின் ஓவிய அலுமாரிகளுக்கு முன்னால் இருந்து தேடியதில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

*

சுயவிபரக்கோவையின் வரலாறு பேசுபவர்கள் எல்லோரும் லியனார்டோ டா வின்சியின் கடிதத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஏறக்குறைய 1482இல், முப்பது வயதளவில், அவர் புளோரன்ஸை விட்டு மிலானுக்குப் போகிறார். மிலானை அப்போது நடைமுறையில் ஆண்டவர் லுடோவிக்கோ ஸ்போர்சா. அவருக்கு எழுதிய வேலை விண்ணப்பத்தின் நகல் இன்றும் மிலானில் அம்புரோசியானா நூலகத்தில் உள்ள தாள்கட்டில் இருக்கிறது.

அதில் இலக்கமிட்டுப் பத்து விடயங்கள். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள் கட்டத் தெரியும். அகழியின் நீரை வற்றச் செய்யத் தெரியும். சத்தமில்லாமல் சுரங்கம் வெட்டத் தெரியும். பீரங்கிகள், மூடிய வண்டிகள், கடற்போர்க் கருவிகள் செய்யத் தெரியும். ஒன்பது விடயங்கள் யுத்தத்துக்கானவை. பத்தாவதில்தான் சமாதான காலம் வருகிறது: கட்டடம் கட்டவும் நீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும் முடியும் என்கிறார். அதன் பிறகே சிற்பமும், கடைசியாக ஓவியமும்.

இன்றைய படிவத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கடிதம் தேறாது. யாரிடம் படித்தார் என்று அதில் இல்லை. வெரோக்கியோ என்ற பெரும் கலைஞரின் பட்டறையில் வளர்ந்தவர் அவர். அதைச் சொல்லவில்லை. இதுவரை எதைச் செய்து முடித்தார் என்றும் இல்லை. உண்மையில் புளோரன்ஸில் ஒரு பெரிய ஓவியத்தை முடிக்காமல்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார். கடிதம் முழுவதும் இனிச் செய்யக்கூடியவை பற்றியதே. நம்பமுடியாவிட்டால் உங்கள் பூங்காவிலேயே செய்து காட்டுகிறேன் என்று முடிக்கிறார்.

இன்னுமொன்று: அந்த நகல் லியனார்டோவின் சொந்தக் கையெழுத்தில் இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவர் இடக்கையால், வலமிருந்து இடமாகக் கண்ணாடி எழுத்தில் எழுதுபவர். எழுதத் தெரிந்த வேறொருவரே இதை எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். இதை வாசித்தபோது எமக்கு லாச்சப்பலில் கேஸ் எழுதிக் கொடுப்பவர்களின் நினைவு வந்தது. புது ஊரின் அதிகாரத்துக்கு முன்னால் நிற்கும்போது, எமது கதையைச் சொல்ல இன்னொருவரின் கை தேவைப்படுவது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

அக்கடிதத்தில், ஸ்போர்சாவின் தந்தைக்கு நினைவாக ஒரு வெண்கலக் குதிரை செய்து தருவதாகவும் சொல்லியிருந்தார். 1493இல் களிமண்ணில் பெருங்குதிரை ஒன்றைச் செய்து காட்டினார். வார்ப்பதற்கு வைத்திருந்த வெண்கலம் 1494இல் பீரங்கிக்குப் போனது. 1499இல் மிலானைப் பிடித்த பிரெஞ்சுப் படையின் வில்லாளர்கள் களிமண் குதிரையை இலக்கு வைத்து எய்து பழகினார்கள். குதிரை அழிந்தது. ஆனால் லியனார்டோவைப் பற்றிய எந்த நூலிலும் அந்தக் குதிரைக்கு ஓரிடம் உண்டு. இதைப் பிறகு மீண்டும் பார்ப்போம்.

*

செய்யக்கூடியதைச் சொல்லும் இந்த வழக்கம் எப்படிச் செய்துமுடித்தவற்றின் பட்டியலாக மாறியது? அதற்கு நாங்கள் வேலை செய்யும் இந்த நகரத்துக்கே வரவேண்டும்.

1648இல் பாரிஸில் அரச ஓவிய, சிற்பக் கழகம் உண்டானது. அதன் உறுப்பினர்களின் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டும் முதற் காட்சி 1667இல் நடந்தது. 1673இல் என்னென்ன படங்கள் என்று ஒரு சிறு குறிப்பேடு அச்சிட்டார்கள். 1725 முதல் லூவ்ர் அரண்மனையின் சதுர மண்டபத்தில் காட்சி நடந்ததால் மண்டபத்தின் பெயரே காட்சிக்கும் ஆகி, 'சலோன்' என்று வழங்கலாயிற்று. 1748இலிருந்து எது தொங்கவேண்டும் எது கூடாது என்று தீர்மானிக்க நடுவர் குழு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பேடுகளைப் பார்த்தால் இன்றைய சுயவிபரக்கோவையின் எலும்புக்கூடு தெரியும். ஓவியரின் பெயர். பிறந்த ஊர். 'இன்னாரின் மாணவர்'. பெற்ற பதக்கங்கள். வீட்டு முகவரி. அதன்பின் படங்களின் தலைப்புகள். ஓவியரின் வாழ்க்கை முதன்முதலாக ஒரு வரியில் அடங்கியது.

இதில் 'இன்னாரின் மாணவர்' என்பது வெறும் நன்றிக்கடன் அல்ல. நடுவர் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த இன்னார்களே. யாருடைய மாணவரும் இல்லாதவருக்கு வாசல் ஒடுக்கம். பெண்களை அரச கலைக் கல்லூரி 1897வரை சேர்க்கவேயில்லை. அவர்கள் தனியார் பட்டறைகளில் பணம் கட்டிப் படித்தார்கள், அல்லது ரோசா பொனர் போலத் தகப்பனிடம் படித்தார்கள். கல்வி என்ற தலைப்பின் கீழ் ஒருவருக்கு வெற்றிடம் இருந்தால், அந்த வெற்றிடத்தை உண்டாக்கியவர் யார் என்று கேட்கவேண்டும் என்பதை இது காட்டுகிறது.

1855இல் பாரிஸில் உலகப் பொருட்காட்சி. குஸ்தாவ் கூர்பே பல படங்களை அனுப்பினார். சிலவற்றை ஏற்று, அவர் பெரிதாக மதித்த 'ஓவியரின் வேலைக்கூடம்' என்ற படத்தை நடுவர்கள் மறுத்தார்கள். அவர் பொருட்காட்சிக்கு அருகிலேயே சொந்தச் செலவில் ஒரு கூடாரம் கட்டி, ஏறக்குறைய நாற்பது படங்களை வைத்து, நுழைவுச்சீட்டு விற்றுக் காட்டினார். காசு வரவில்லை. ஆனால் ஓர் ஓவியர் தானே தனது படங்களை மட்டும் வைத்துக் காட்டுவது என்ற வழி பெரிதாகத் திறந்தது. இன்று 'தனிக் காட்சி' என்று மேலே போடுகிற தலைப்பின் பின்னால் இப்படியொரு மறுப்பும் கோபமும் இருக்கிறது.

1863இல் சலோன் நடுவர்கள் வந்த படங்களில் மூன்றில் இரண்டு பங்கை மறுத்தார்கள். ஓவியர்களின் கூக்குரல் மூன்றாம் நெப்போலியனின் காதுவரை போயிற்று. மறுக்கப்பட்டவற்றையும் தனியே தொங்கவிடுங்கள், மக்கள் தீர்மானிக்கட்டும் என்றார் அவர். 'மறுக்கப்பட்டோர் சலோன்' என்ற பெயரில் அது நடந்தது. மனேயின் 'புல்வெளியில் மதிய உணவு' அங்கேதான் தொங்கியது. வந்தவர்கள் சிரித்தார்கள். இன்று மனேயின் வாழ்க்கைக் குறிப்பில் அந்த மறுப்பு ஒரு கௌரவம்.

பின்னர் 1884இல் சூரா, சின்யாக், ரெடோன் முதலானோர் சேர்ந்து சுயாதீன ஓவியர் சங்கத்தை அமைத்தார்கள். நடுவரும் இல்லை, பரிசும் இல்லை என்பதே அவர்களின் கொள்கை. வாசல் திறந்தது. அந்த வாசலால் உள்ளே வந்தவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் அண்ணையின் விடயத்தில் அவரே எங்களுக்கு உதவினார்.

*

ஆன்றி ரூசோ 1844இல் லவால் என்ற ஊரில் பிறந்தவர். பாரிஸுக்குள் வரும் சாமான்களுக்கு நகரவரி அறவிடும் காவலிடத்தில் சிறு உத்தியோகம். 1893இல் ஓய்வுபெறும்வரை அந்த வேலைதான். எந்தக் கல்லூரியிலும் ஓவியம் படிக்கவில்லை. 1886 முதல் சுயாதீன ஓவியர்களின் காட்சியில் படங்களைத் தொங்கவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன.

1895இல், ஒரு நூலுக்கென்று, தன்னைப் பற்றிய சிறு குறிப்பொன்றை அவரே எழுதினார். படர்க்கையில், வேறொருவர் எழுதியதுபோல. பெற்றோருக்கு வசதி இல்லாததால் தனது ஆசைக்கு மாறான தொழிலுக்கு முதலில் போகவேண்டியிருந்தது என்று அதில் சொல்கிறார். இயற்கையைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை என்கிறார். உடனேயே, புகழ்பெற்ற இரண்டு ஓவியர்கள் கொஞ்சம் ஆலோசனை சொன்னார்கள் என்று அவர்களின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார். 'இன்னாரின் மாணவர்' என்ற அந்தப் பழைய வரி இல்லாமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. எமக்கு இந்த இடத்தில் அவர்மேல் பெரிய அன்பு உண்டாயிற்று.

அவர் தீட்டிய காடுகளைப் பார்த்தவர்கள், இளமையில் பட்டாளத்தோடு மெக்சிக்கோவுக்குப் போனவர் என்று கதை பரப்பினார்கள். அவர் மறுக்கவில்லை. பிரான்சை விட்டு வெளியே போகாதவர் அவர். அந்தக் காடுகளெல்லாம் பாரிஸ் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களில் பார்த்தவை.

1890இல் தன்னையே தீட்டிய படமொன்று இருக்கிறது. கையில் தூரிகையும் வண்ணத்தட்டும். பின்னால் கப்பலும் பாலமும் ஐபெல் கோபுரமும். வண்ணத்தட்டில் தனது இரு மனைவியரின் பெயர்கள். சட்டையில் ஒரு கௌரவப் பட்டியைப் பிற்பாடு சேர்த்துத் தீட்டினார். நாங்கள் பட்டியலில் புது வரி சேர்ப்பதுபோல அவர் படத்தில் சேர்த்திருக்கிறார். சுங்க வாசலை மட்டும் தீட்டவில்லை. ஆனால் உலகம் அவரை எந்தப் பெயரில் அறிகிறது? 'சுங்கக்காரர் ரூசோ' என்றுதான். அதுகூடச் சரியில்லை, அவர் சுங்க அதிகாரி அல்ல, நகரவரிக் கடைநிலை உத்தியோகத்தர். வயிற்றுக்காகச் செய்த வேலையை ஓவியரின் பட்டியலில் எழுதக்கூடாது என்பது வழக்கம். எழுதாத அந்த வேலையே கடைசியில் அவருக்குப் பெயராகிப் போனது.

*

எமது நிலைக்கு இன்னும் கிட்டவாக வருபவர் குர்ற் ஷ்விற்றர்ஸ். ஜேர்மனியில் ஹனோவர் நகரத்தவர். பஸ் ரிக்கற்று, பத்திரிகைத் துண்டு, சாமான் சுற்றிய காகிதம் இவற்றையெல்லாம் ஒட்டிப் படம் செய்தவர். தனது வீட்டின் அறைகளையே வருடக்கணக்காக ஒரு சிற்பமாக மாற்றிக்கொண்டு வந்தார். 'மேர்ஸ்பௌ' என்று அதற்குப் பெயர்.

1937 ஜனவரியில் அவர் நோர்வேக்குத் தப்பிப் போனார். அந்த ஜூலையில் மியூனிக்கில் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்ற காட்சியை நடத்தினார்கள். கேலிசெய்வதற்காக ஏறக்குறைய 650 படைப்புகளை நெருக்கித் தொங்கவிட்டார்கள். பார்த்தவர்கள் இருபது இலட்சத்துக்கு மேல். ஷ்விற்றர்ஸின் படைப்புகளும் அதில் இருந்தன. 1940இல் நோர்வேயையும் ஜேர்மனியர் பிடிக்க, பிரித்தானியாவுக்கு ஓடினார். அங்கே 'எதிரி நாட்டவர்' என்று மான் தீவில் முகாமில் அடைத்தார்கள். முகாமில் மிஞ்சிய கஞ்சியைக் கொண்டு சிற்பம் செய்தார். கஞ்சி பூஞ்சணம் பிடித்து மணத்ததாம். குசினியில் இதைச் சொன்னபோது அண்ணை வாய்விட்டுச் சிரித்தார்.

1941இன் இறுதியில் விடுதலை. பின்னர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிற்றூரில் ஆட்களின் உருவப்படமும் நிலக்காட்சியும் தீட்டி விற்றுச் சீவித்தார். பிரித்தானியப் பிரசாவுரிமை கிடைத்துவிட்டது என்ற கடிதம் 1948 ஜனவரி 7ஆம் திகதி வந்தது. மறுநாள் காலமானார்.

ஹனோவரில் இருந்த மேர்ஸ்பௌ 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. நோர்வேயில் கட்டத் தொடங்கிய இரண்டாவது 1951இல் எரிந்தது. இங்கிலாந்தில் ஒரு களஞ்சியத்தில் தொடங்கிய மூன்றாவது முடியவில்லை. ஒரு சுவர் மட்டும் மிஞ்சியது. ஆனால் அவருடைய படைப்புகளின் பட்டியலில் இம்மூன்றும் இருக்கின்றன. 'அழிந்தது', 'எரிந்தது', 'முடிவுறாதது' என்ற சொற்களோடு. அழிந்துபோன முதலாவதுதான் எல்லாவற்றிலும் புகழ் கூடியது.

கூர்பேயின் 'கல்லுடைப்போர்' படத்துக்கும் இதே கதை. 1849இல் தீட்டியது. 1945இல் டிரெஸ்டன் அருகே குண்டுவீச்சில் அழிந்தது. அந்தப் படம் இல்லாமல் கூர்பேயைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. கூர்பேயும் பாரிஸ் கம்யூனுக்குப் பிறகு சுவிற்சலாந்துக்கு ஓடி அங்கேயே 1877இல் இறந்தவர்தான்.

லியனார்டோவின் குதிரையைப் பிறகு பார்ப்போம் என்று சொன்னது இதற்காகவே. பட்டியல் என்பது மிஞ்சியவற்றுக்கு மட்டும் என்று யாரும் எங்கேயும் விதி எழுதவில்லை. ஐரோப்பியர் தமது அழிந்த படைப்புகளைக் கூச்சமில்லாமல் வருடம் போட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கம் எமக்கு மட்டும் ஏன் வரவில்லை?

*

இலங்கையில் 1943இல் லயனல் வென்ட்டின் வீட்டில் கூடிய '43 குழு'வை ஓவியம் பற்றி அறிந்தவர்கள் அறிவார்கள். அவர்களின் படங்கள் 1952இல் இலண்டனிலும் 1953இல் பாரிஸில் பெற்றி பலே மாளிகையிலும் காட்டப்பட்டன. நாங்கள் மெற்றோவில் கடந்துபோகும் அந்த மாளிகையில் எங்கள் தீவின் படங்கள் தொங்கியிருக்கின்றன என்பதை நாம் இங்கு வந்து பல வருடங்களின் பின்பே அறிந்தோம். காகிதத்தில் இருந்ததால் அறியமுடிந்தது.

யாழ்ப்பாணத்தில் ஓவியர் அ. மாற்கு. 1933இல் பிறந்து 2000இல் மறைந்தவர். பாடசாலைகளில் சித்திரம் கற்பித்துத் தலைமுறைகளை உருவாக்கியவர். 1987இல் அவரைப் பற்றி 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி குடாநாட்டு மக்கள் ஒரே இரவில் பெயர்ந்தபோது அவரும் பெயர்ந்தார். படைப்புகளில் பலவற்றை இழந்தார். அந்த நூல் வந்திருக்காவிட்டால் இழந்தது இன்னதென்றுகூட எமக்குத் தெரிந்திராது.

ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலொன்றின் தலைப்பு 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவு. இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுக்க, அவற்றைத் தொகுத்தது அந்த நூல். கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எந்தப் பக்கம் என்று. உறுதி தொலைந்தாலும் வீடு இருந்தது என்பதற்கு நினைவே சாட்சி என்று அது சொல்கிறது. இதைவிடச் சிறந்த வழிகாட்டி எங்களுக்குத் தேவைப்படவில்லை.

*

இனி அந்தப் பக்கத்துக்கு வருவோம்.

எங்களில் இளையவர் முதலிலேயே ஒரு யோசனை சொன்னார். "யாழ்ப்பாணத்திலை ஒரு தனிக்காட்சி, கொழும்பிலை ஒண்டு எண்டு போடுங்கோ அண்ணை. ஆர் போய்ப் பாக்கப்போறாங்கள்?"

அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "தம்பி, வந்த உடனை காசு குடுத்து ஒரு கேஸ் எழுதுவிச்சனான். அதிலை பாதி என்ரை கதை. பாதி எழுதினவரின்ரை கதை. அதைப் பாடமாக்கிச் சொல்லித்தான் காட் கிடைச்சது. இதிலையாவது உள்ளதை எழுதுவம்."

அதற்குப் பிறகு ஒருவரும் அந்த யோசனையை எடுக்கவில்லை.

அகதி விண்ணப்பத்தையும் ஓவியரின் சுயவிபரக்கோவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே மனிதர் இரண்டாகத் தெரிவார். முதலாவதில் காலம் முன்னோக்கிப் போகிறது. ஒவ்வொரு மாதத்துக்கும் கணக்குச் சொல்லவேண்டும். இடைவெளி விட்டால் பொய் என்பார்கள். பட்ட துன்பமே அதில் தகுதி. இரண்டாவதில் காலம் பின்னோக்கிப் போகிறது. துன்பத்துக்கு இடமில்லை. இடைவெளி விட்டால் திறமை இல்லை என்பார்கள். அண்ணையின் 2008, 2009ஆம் வருடங்கள் முதலாவது காகிதத்தில் பல பக்கங்கள். இரண்டாவதில் வெறுமை. ஒன்றுக்காக எழுதியதை மற்றதுக்குத் தூக்கிப்போடவும் முடியாது.

நாங்கள் இப்படி எழுதினோம்.

கல்வி என்ற இடத்தில் கல்லூரிப் பெயர் இல்லை. பழைய சலோன் குறிப்பேட்டின் வழியில் 'இன்னாரின் மாணவர்' என்று அவருடைய பாடசாலைச் சித்திர ஆசிரியரின் பெயரைப் போட்டோம். விளம்பரப் பலகை எழுதும் கடையில் மூன்று வருடம் வேலை பழகியதையும் போட்டோம். லியனார்டோவும் பட்டறையில் பழகியவர்தானே.

சமாதான காலத்தில், 2003இல், கிளிநொச்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் வேறு நான்குபேரோடு சேர்ந்து படங்கள் வைத்திருக்கிறார். அது குழுக் காட்சி. ஐந்துபேர் என்பதால் தனிக் காட்சி என்று போடவில்லை.

காத்தவராயன் கூத்துக்கும் பாடசாலை நாடகங்களுக்கும் கீறிய காட்சித்திரைகளை என்ன செய்வது? கோயில் வீதியில் ஆயிரம்பேர் விடிய விடியப் பார்த்த திரை கண்காட்சியா இல்லையா? இதற்கு இரண்டு இரவு போயிற்று. ஆசிரியையிடம் கேட்டோம். 'மேடைப் பணிகள்' என்று தனித் தலைப்புப் போடலாம், அப்படிப் போடுவோர் இருக்கிறார்கள் என்றார். ஊர், வருடம், கூத்தின் பெயர் என்று ஆறு வரிகள் வந்தன. பக்கம் முதன்முதலாக நிரம்பத் தொடங்கியது.

அடுத்தது, நாங்கள் நூலகத்தில் கண்டுபிடித்த தலைப்பு: 'அழிந்த படைப்புகள்'. 1998 முதல் 2008 வரை கீறிய முப்பத்தேழு படங்கள். 2008 மார்கழியில் விசுவமடுவில் ஒரு றங்குப் பெட்டிக்குள் வைத்துப் புதைத்தவை. மீளக் குடியேறியபோது அவருடைய சின்னம்மா போய்த் தேடினார். வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. தலைப்புகள் நினைவிருக்கிறதா என்று கேட்டோம். இல்லை என்றார். பிறகு அடுத்த இரவு வரும்போது ஒரு பில் துண்டின் பின்புறத்தில் இருபத்திரண்டு தலைப்புகளை எழுதிக்கொண்டு வந்தார். 'அம்மா நெல் புடைப்பது', 'இரணைமடு மதகு', 'மழைக்குள் ரைக்ரர்'. அளவுகூடச் சொன்னார். இத்தனை வருடம் அவர் இவற்றை எங்கே வைத்திருந்தார் என்று எமக்கு விளங்கவில்லை. ஒரு பக்கத்துக்குள் எல்லாம் அடங்காது. ஐந்தை மட்டும் போட்டு, 'மேலும் முப்பத்திரண்டு, 2009இல் அழிந்தன' என்று எழுதினோம்.

கடைசியில் பெரிய வாக்குவாதம் இந்தக் குசினி வருடங்களைப் பற்றியது. 2011இல் பாரிஸுக்கு வந்தார். அன்றிலிருந்து கோப்பை கழுவுகிறார். இதை எழுதுவதா? வழக்கத்தில் எழுதுவதில்லை என்றார் ஆசிரியை. எழுதினால் கேவலம் என்றார் இளையவர். எமக்கும் எழுத விருப்பமில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அண்ணைதான் முடிவெடுத்தார். சுங்கக்காரரின் கதை அவருக்குப் பிடித்துப் போயிருந்தது. "நான் எழுதாட்டி வேறை ஆரும் எழுதுவினம், அதுவும் பிழையா எழுதுவினம்" என்றார். '2011 முதல்: பாரிஸில் உணவகத் தொழிலாளி. மட்டைப்பெட்டிகளில் பேனைச் சித்திரங்கள், தொடர்கின்றன' என்று ஒரே வரி.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. விண்ணப்பங்கள் அதிகம், இம்முறை உங்களைத் தெரிவுசெய்ய முடியவில்லை என்று மரியாதையான நான்கு வரிகள். அண்ணை அதை மடித்து ஜக்கெற்றுக்குள் வைத்துவிட்டு, மிளகாய் வெட்டப் போனார். எமக்குத்தான் மனம் ஆறவில்லை.

ஆனி மாதத்தில் ஆசிரியையின் முயற்சியால் ஒரு சிறிய நகரசபை நூலகத்தின் வாசற்பக்கச் சுவரில் அவருடைய மட்டைச் சித்திரங்கள் ஆறு, இரண்டு கிழமை தொங்கின. நாங்கள் வேலைக்குப் போகும் வழியில் போய்ப் பார்த்தோம். ஒரு கிழவி மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிரவு அண்ணை அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்தார். அண்மையது மேலே வரவேண்டும் என்பது விதி. 'தனிக் காட்சி' என்ற வெறும் தலைப்பின் கீழ் முதல் வரி எழுதப்பட்டது.

இதை வாசிப்பவர்களிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களிடையே படம் கீறியவர்கள், சிலை செய்தவர்கள், கூத்துக்குத் திரை எழுதியவர்கள், தேர்ச்சீலைக்கு வண்ணம் போட்டவர்கள் இருப்பார்கள். இன்று அவர்கள் தொழிற்சாலையிலும் குசினியிலும் நிற்கலாம், கீறுவதை விட்டுவிட்டிருக்கலாம். அவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். படத்தின் பெயர், வருடம், ஊர், அளவு, எப்படி அழிந்தது. கூட்டியும் எழுதவேண்டாம், குறைத்தும் எழுதவேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம் போதும்.